யாருடைய ஆசனத்தில் அமர்வது? – பண்டைய உலகப் போர் விளையாட்டொன்றில் தரப்புத் தெரிவும் வரலாற்று நோக்கும்

வரலாறு கற்போர் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, ஓர் ஆசனத்தைத் தெரிந்தெடுத்துக்கொண்டே கற்கத் தொடங்குகின்றனர். கி.மு. 216 இல் நிகழ்ந்த கன்னேப் போரைப் பற்றிப் படிக்கும்போது நாம் உரோமப் படைவரிசையின் நடுவே நிற்கின்றோமா, அல்லது ஹனிபாலின் அருகில் நிற்கின்றோமா என்பது பெரும்பாலும் நமது கையில் அகப்பட்ட நூலைப் பொறுத்ததாகும். கிரேக்க வரலாற்றாசிரியரான பொலிபியஸ் தமது பெருநூலின் தொடக்கத்திலேயே ஒரு வினாவை முன்வைத்தார். மக்கள் வாழும் உலகின் பெரும்பகுதி, 53 ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்தில், உரோமரின் ஆட்சிக்குள் எவ்வாறு, எத்தகைய அரசியலமைப்பின் துணையால் வந்தது என்பதே அவ்வினா. இதனைக் கேட்டவர் உரோமர் அல்லர். கி.மு. 167 இல் அக்கேய நாட்டிலிருந்து பணயமாக இத்தாலிக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஆயிரவருள் அவரும் ஒருவர். தோற்றோரின் ஆசனத்திலிருந்து வென்றோரை நோக்கியவர் கேட்ட வினா என்பதனாலேயே அது இன்றளவும் உயிருள்ள வினாவாக இருக்கின்றது.

இவ்வினாவை இன்று நம் மாணவருட் பலர் நூலகத்திற் சந்திப்பதற்கு முன்பே கணினித் திரையிற் சந்தித்துவிடுகின்றனர். 2004 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் வெளிவந்த ‘றோம்: ரோட்டல் வோர்’ என்னும் மூலோபாய விளையாட்டு அவர்களுக்கு அதனை அறிமுகஞ் செய்கின்றது. இங்கிலாந்திலுள்ள கிறியேற்றிவ் அசெம்பிளி நிறுவனத்தார் ஆக்கிய இவ்விளையாட்டு, கி.மு. 270 இல் தொடங்கி கி.பி. 14 இல், அதாவது அகஸ்தஸ் மறைந்த ஆண்டில், முடிவடைகின்றது. ஆடுவோர் ஒரு தரப்பைத் தெரிவுசெய்து, வரி விதித்து, நகரமைத்து, படைதிரட்டி, மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நிலப்பரப்பை ஆள முயல வேண்டும். ஆண்டொன்றுக்குக் கோடை, மாரி என இரண்டு முறைகள் உண்டு. போர் நேரும்போது படத்திலிருந்து களத்துக்கு இறங்கி ஆயிரக்கணக்கான வீரரை நேரே நடத்தலாம். விடுதி அறைகளில் இரவு முழுவதும் விளக்கு எரிவதற்குப் பாடநூல்கள் மாத்திரமே காரணமல்ல என்பதை விரிவுரையாளர்களும் அறிவர்.

பொழுதுபோக்கு விளையாட்டொன்றை வரலாற்றுக் கட்டுரைக்குப் பொருளாக்குதல் தகுமா என வினவப்படலாம். ஒரு தலைமுறையினரின் மனத்தில் உரோமும் கார்தேஜும் எவ்வாறு பதிந்துள்ளன என்பதைத் தீர்மானிக்கும் எதுவும் வரலாற்று மாணவனின் கவனத்திற்குரியதே என்பது எமது விடை. அன்றியும், இவ்விளையாட்டு இழைக்கும் பிழைகள் பல, நாம் பரீட்சை விடைத்தாள்களில் இழைக்கும் பிழைகளேயாகும். ஆதலின் அவற்றை ஆராய்வது நம்மை நாமே ஆராய்வதாகவும் அமையும்.

முதலில் தெரிவு முறையை நோக்குவோம். விளையாட்டை வாங்கித் தொடங்குவோர் உரோமர் அல்லாத எத்தரப்பையும் உடனே தெரிவுசெய்ய முடியாது. யூலியர், புரூட்டியர், சிப்பியோர் என்னும் மூன்று உரோமக் குடும்பங்களுள் ஒன்றையே எடுத்தல் வேண்டும். அக்குடும்பத்தைக் கொண்டு வென்றபின், அல்லது ஒரு தரப்பை முற்றாக அழித்தபின், அத்தரப்பு ஆடுவோர்க்குத் திறந்துவிடப்படும். கார்தேஜ், எகிப்து, செலூக்கியப் பேரரசு, பார்த்தியா, கிரேக்க நகரங்கள், கோலியர், யேர்மானியர், பிரித்தானியர் ஆகிய எட்டுத் தரப்புகள் இவ்வாறு திறக்கப்படுவன. மக்கெதோனியா, பொந்தஸ், ஆர்மீனியா, நுமிதியா, திராசியா முதலியவை வென்றபின்னும் திறக்கப்படாதவை. அவை அடிக்கப்படுவதற்கென்றே படத்தில் நிறுத்தப்பட்டவை எனலாம். ஒருவனை அழித்தாலன்றி அவனுடைய கண்ணால் உலகைக் காண முடியாது என்னும் இவ்விதியில் ஒரு கசப்பான உண்மை அடங்கியுள்ளது. அதனைப் பின்னர் நோக்குவோம்.

மூன்று உரோமக் குடும்பங்களுக்கும் தனித்தனித் திசைகள் வகுக்கப்பட்டுள்ளன. யூலியர் வடக்கே கோலியரை நோக்கியும், புரூட்டியர் கிழக்கே கிரேக்கத்தை நோக்கியும், சிப்பியோர் தெற்கே சிசிலியையும் கார்தேஜையும் நோக்கியும் செல்வர். செனற் சபை அவர்களுக்குப் பணிகளை இடும். நாளடைவில் ஒரு குடும்பம் மக்களிடையே செல்வாக்குப் பெற்று ஓங்க, செனற் சபை அஞ்சி அதனைச் சட்டத்திற்குப் புறம்பானதாக அறிவிக்க, உள்நாட்டுப் போர் மூளும். இக்கதையமைப்பு சுவையானது. ஆயின் கி.மு. 270 இற்கு இது பொருந்துமா? அக்காலத்தில் மாகாணங்கள் குடும்பச் சொத்துகளாக இருக்கவில்லை. ஆண்டுதோறும் தெரிவுசெய்யப்பட்ட இரு கொன்சல்களும் ஏனைய அதிகாரிகளும், செனற் சபை வகுத்துக் கொடுத்த பொறுப்புகளை ஏற்று, ஆண்டு முடிவில் அவற்றைக் கைவிட்டனர். கொர்னேலிய சிப்பியோர் அந்நாளிலேயே புகழ்பெற்றவர்கள் என்பது உண்மை. ஆயின் யூலியர் குலம் நெடுங்காலம் பின்வரிசையிலேயே இருந்தது. யூலியஸ் சீசர் ரூபிக்கன் ஆற்றைக் கடந்தது கி.மு. 49 இல். அந்த ஆண்டின் நிழலை இருநூற்றிருபது ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தின்மீது விழுத்தியே இத்தரப்புகள் ஆக்கப்பட்டுள்ளன.

முடிவைத் தொடக்கத்திலேயே வைத்துவிடும் இப்போக்கு, இவ்விளையாட்டின் தரப்பமைப்பு முழுவதிலும் காணப்படுகின்றது. பார்த்தியாவை எடுத்துக்கொள்வோம். கி.மு. 270 இல் அது தனித்த அரசாகவே விளையாட்டில் நிற்கின்றது. வரலாற்றிலோ அந்த ஆண்டில் பார்த்தியா செலூக்கியப் பேரரசின் ஒரு மாகாணம். அர்சாக்கஸ் என்பானின் தலைமையில் பர்னி மக்கள் அந்நிலத்தைக் கைப்பற்றியது அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின்னரே. எகிப்து இதற்கு நேர்மாறான பிழைக்கு ஆளாகியுள்ளது. அங்கு எதிர்காலத்திற்குப் பதிலாக இறந்தகாலம் திணிக்கப்பட்டுள்ளது. விளையாட்டின் எகிப்தியர், ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பாரோக்களின் காலத்து உடையணிந்து, தேரூர்ந்து போரிடுவர். உண்மையில் அன்று எகிப்தை ஆண்டவர்கள் மக்கெதோனிய மரபினரான தொலமி வேந்தர்கள். அவர்களது படையின் உயிர்நாடி நீண்ட ஈட்டி தாங்கிய மக்கெதோனியப் படைவரிசையே. கி.மு. 217 இல் ரபியாப் போர்க்களத்தில் 20,000 எகிப்தியரை அவ்வரிசைக்குரிய முறையில் பயிற்றி நிறுத்தியபோதுதான் மண்ணின் மைந்தர்கள் அப்படையில் பெருந்தொகையாக இடம்பெற்றனர். அச்செயல் அன்றைய தேவைக்கு ஏற்றதாயினும் எதிர்காலத்திற்கு ஏற்றதன்று எனப் பொலிபியஸ் கருதினார். ஆயுதம் பழகிய குடிகள் தம் வலிமையை உணர்ந்தனர்; சில ஆண்டுகளில் மேல் எகிப்து கிளர்ந்தெழுந்து, கி.மு. 186 வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தொலமிகளின் ஆட்சிக்குப் புறம்பாக நின்றது. ஆள்வோரும் ஆளப்படுவோரும் ஒரே மொழியினராக, ஒரே உடையினராகக் காட்டப்படும் விளையாட்டில் இக்கிளர்ச்சிக்கு இடமே இல்லை.

‘கிரேக்க நகரங்கள்’ என்னும் தரப்பு மற்றொரு வகையான மயக்கத்தைத் தருகின்றது. ஸ்பார்ட்டா, சிராக்கியூஸ், ரோட்ஸ், பெர்கமம் ஆகியவை ஒரே அரசின் நகரங்களாக, ஒரே கருவூலத்துடன் ஆடுவோர் கையில் தரப்படுகின்றன. சிராக்கியூசை அன்று ஆண்டவன் இரண்டாம் ஹீரோன். அவன் பின்னர் உரோமின் நம்பிக்கைக்குரிய நண்பனாகவே வாழ்ந்து மறைந்தான். பெர்கமம் செலூக்கியரின் நிழலில் முளைத்த சிற்றரசு. ரோட்ஸ் வணிகக் குடியரசு. ஸ்பார்ட்டாவோ தன் பழம்பெருமையை மீட்க முயன்ற தனியரசு. மொழியொன்று என்பதனால் அரசியலும் ஒன்றாகிவிடுமென்று கொள்வது எத்துணைப் பெருந்தவறு என்பதற்கு இத்தரப்பே சான்று. கோலியர், யேர்மானியர் பற்றியும் இதனையே கூறலாம். நூற்றுக்கணக்கான குலங்களாகப் பிரிந்து வாழ்ந்த மக்களுக்கு ஒரு தலைநகரும் ஓர் அரசகுடும்பமும் கற்பித்துத் தரப்பட்டுள்ளன. ஆட்டத்துக்கு ஒரு தரப்பு வேண்டும். ஆகவே ஓர் இனம் ஓர் அரசாக்கப்படுகின்றது. நம் பாடநூல்களும் இவ்வாறு செய்வதில்லையா என்பதை நாம் எண்ணிப்பார்த்தல் நன்று.

இத்தரப்புகள் அனைத்திலும் ஆய்வுக்கு மிகப் பொருத்தமானது செலூக்கியப் பேரரசே என்பது எமது கருத்து. ஆடிப் பழகியோர் இதனை மிகக் கடினமான தெரிவுகளுள் ஒன்று என்பர். மேற்கே கிரேக்க நகரங்கள், வடக்கே பொந்தஸ், ஆர்மீனியா, கிழக்கே பார்த்தியா, தெற்கே எகிப்து என எல்லாப் பக்கத்திலும் பகைவராகக்கூடியவரே உள்ளனர். அந்தியோக்கியா, சார்திஸ், செலூக்கியா முதலிய நகரங்கள் ஒன்றிலிருந்தொன்று வெகு தொலைவில் கிடக்கின்றன. ஒரு முனைக்கு அனுப்பிய படை மறுமுனைக்குத் திரும்புவதற்குள் ஓர் ஊர் போய்விடும். ஈட்டிப் படைவரிசை, யானைப்படை, கவசக் குதிரைப்படை, அரிவாள் பூட்டிய தேர்கள், ஈற்றில் உரோமர் பாணியில் ஆயுதந்தரித்த காலாட்படை என வேறெத்தரப்புக்கும் இல்லாத பன்முகப் படையமைப்பு இத்தரப்புக்கு உண்டு. ஆயினும் அவற்றிற் சிறந்தவற்றைத் திரட்டுவதற்குப் பெருநகரும் பெருஞ்செல்வமும் வேண்டும். அவை கைகூடுமுன்பே தரப்பு அழிந்துபோதல் பெருவழக்கு. நாம் கண்ட ஆட்டங்களில், கணினியின் கையில் விடப்பட்ட செலூக்கியர் பெரும்பாலும் எகிப்தியரால் விழுங்கப்பட்டனர்.

இத்தரப்பை ஆடுவோன் கற்றுக்கொள்ளும் பாடங்கள் பொய்யானவை அல்ல. எல்லாப் போரையும் ஒருங்கே செய்ய முடியாது. ஒருவரோடு சமாதானம் செய்துகொண்டே மற்றவரோடு பொருத முடியும். கி.மு. 281 இல் தந்தை செலூக்கஸ் கொலையுண்டபோது அரசேற்ற முதலாம் அந்தியோக்கஸ் எதிர்நோக்கிய நிலை இதுவே. சிரியாவில் கிளர்ச்சி, ஆசியா மைனருக்குட் புகுந்த கலாத்தியர், கி.மு. 274 முதல் 271 வரை இரண்டாம் தொலமியோடு நிகழ்ந்த முதலாம் சிரியப் போர் ஆகியவற்றை அடுத்தடுத்து அவன் சமாளிக்க நேர்ந்தது. படைவகைகளின் பெருக்கம் மட்டும் வலிமையாகாது என்னும் பாடமும் உண்மையானதே. கி.மு. 190 அளவில் மக்னீசியாவில் மூன்றாம் அந்தியோக்கஸ் இதே பன்முகப் படையோடு உரோமரைச் சந்தித்தான். அரிவாள் தேர்கள் கலைந்து தம் பக்கத்தையே குலைத்தன. அரசன் தன் குதிரைப்படையுடன் எதிரியின் ஒரு புறத்தை உடைத்துப் பாசறைவரை துரத்திச் சென்றான். அவன் சென்றபின் தனித்து நின்ற ஈட்டி வரிசை, தன்னிடையே நிறுத்தப்பட்ட யானைகள் வெருள, உருக்குலைந்தது. விளையாட்டில் முதன்முறை யானை செலுத்தும் எவரும் இக்காட்சியைத் தம் கண்முன்னே காண்பர். உரோமர் பாணிப் படையும் வெறுங்கற்பனையன்று. கி.மு. 166 இல் தப்னே என்னுமிடத்தில் நான்காம் அந்தியோக்கஸ் நடத்திய பேரணியில், உரோமர் முறைப்படி ஆயுதந்தரித்த 5,000 வீரர் அணிவகுத்தனர் எனப் பொலிபியஸ் வழியாக அறிகின்றோம்.

ஆனால் செலூக்கியரின் நலிவு அவர்களது இயல்பான நலிவா, அன்றி விளையாட்டின் படம் அவர்களுக்கு இழைத்த அநீதியா? படத்தின் கிழக்கெல்லை ஈரானிய நிலத்தோடு நின்றுவிடுகின்றது. பாக்திரியா அதில் இல்லை, இந்தியா இல்லை. உண்மையில் இப்பேரரசின் வலிமையிற் பெரும்பங்கு அக்கிழக்கிலிருந்தே வந்தது. முதலாம் செலூக்கஸ் சந்திரகுப்த மௌரியனுக்குத் தன் கிழக்கெல்லை நிலங்களை விட்டுக்கொடுத்து 500 யானைகளைப் பெற்றான் என்பர். கி.மு. 301 இல் இப்சஸ் போரின் முடிவை நிர்ணயித்தவை யானைகளே. பபிலோனிய வானியற் குறிப்பேடுகள் எனப்படும் களிமண் பலகைகளுள் கி.மு. 274 – 273 ஆம் ஆண்டுக்குரியது, பாக்திரியாவின் ஆளுநன் அனுப்பிய 20 யானைகள், எகிப்தியப் போரில் ஈடுபட்டிருந்த அரசனிடம் கொண்டுசெல்லப்பட்ட செய்தியைத் தருகின்றது. அதே பலகை, அவ்வாண்டிற் கொள்வனவுகள் கிரேக்கச் செப்புக் காசுகளால் நடைபெற்றன என்றும், நாட்டில் நோய் மிக்கிருந்தது என்றும் குறிக்கின்றது. கோள்களின் நிலையைக் கணித்த ஒரு கோயிற் கணக்கன், ஒரு பேரரசின் போர்ச்செலவு பபிலோன் நகரச் சந்தையை எவ்வாறு தொட்டது என்பதை நமக்கு எழுதி வைத்துச் சென்றுள்ளான்.

படத்தின் கிழக்கெல்லையிலே வெட்டப்பட்டது எத்தகைய உலகம் என்பதை நம்மவர் நன்கு உணரலாம். அசோகனின் இரண்டாம் பாறைச் சாசனம், கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சார்ந்தது. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாம்பபர்ணி ஆகியோரை எண்ணிய அதே மூச்சில், யவன அரசனாகிய அந்தியோக்கனையும் அது எண்ணுகின்றது. இவ்வந்தியோக்கனை இரண்டாம் அந்தியோக்கஸ் என ஆய்வாளர் பெரும்பாலும் கொள்வர். தென்னாட்டு வேந்தரும் செலூக்கிய வேந்தனும் ஒரே கல்லில் அயலவராக எழுதப்பட்ட காலம் அது. மத்தியதரைக் கடலை நடுவில் வைத்து வரையப்பட்ட படத்தில் செலூக்கியர் விளிம்பில் ஒட்டிக்கொண்ட நலிந்த அரசாகத் தோன்றுவர். இந்துகுஷ் மலையிலிருந்து நோக்கினால், அவர்கள் நடுநாயகமாகத் தோன்றுவர். படத்தின் எல்லையை எங்கே வெட்டுகின்றோம் என்பதிலேயே பாதி வரலாறு எழுதி முடிந்துவிடுகின்றது.

அடுத்து, குடிகளின் அமைதியைப் பற்றிய விதியைக் கருதுவோம். பிறபண்பாட்டினரின் நகரொன்றைக் கைப்பற்றினால், அங்குள்ள அயற்பண்பாட்டுக் கட்டடங்கள் மக்களிடையே அமைதியின்மையை வளர்க்கும். தலைநகரிலிருந்து தொலைவு கூடக்கூட அது மிகும். ஆகவே கோயில்களை இடித்துத் தம் கோயில்களை எழுப்புதலே ஆடுவோர்க்கு இலாபம். இனி வரலாற்றை நோக்குக. பபிலோனுக்கு அண்மையிலுள்ள பொர்சிப்பாவில் கண்டெடுக்கப்பட்ட, கி.மு. 268 ஆம் ஆண்டைச் சேர்ந்த களிமண் உருளையொன்று இன்று பிரித்தானிய அரும்பொருளகத்தில் உள்ளது. முதலாம் அந்தியோக்கஸ், நாபு தெய்வத்தின் எசிதா கோயிலைப் புதுப்பிக்கத் தன் கையாற் செங்கல் வார்த்து அடிக்கல் நாட்டியதாக அக்காத மொழியிலே, ஆப்பெழுத்திலே, பபிலோனின் பழைய வேந்தர்தம் மரபுப்படி அதிற் பேசுகின்றான். மக்கெதோனியத் தந்தைக்கும் ஈரானியத் தாய்க்கும் பிறந்த அவன், பிறர் கோயிலைக் காத்தலே ஆட்சியின் அடிப்படை என அறிந்திருந்தான். இக்கொள்கை எல்லாச் செலூக்கியராலும் பேணப்பட்டதன்று. கி.மு. 187 இல் மூன்றாம் அந்தியோக்கஸ் எலிமாயிஸ் நாட்டுக் கோயிலொன்றின் செல்வத்தைக் கவர முயன்று மாண்டான். கி.மு. 167 அளவில் நான்காம் அந்தியோக்கஸ் எருசலேம் வழிபாட்டிற் கைவைத்ததும் மக்கபேயர் கிளர்ச்சி மூண்டது. இவற்றை ஒருங்கு நோக்குமிடத்து, வேற்றுப் பண்பாடு அங்கிருந்தமை கலகத்தை விளைக்கவில்லை என்பதும், அதன்மீது கைவைத்தமையே விளைத்தது என்பதும் புலனாகும். விளையாட்டின் விதி இவ்வுண்மையைத் தலைகீழாக்கிவிட்டது.

உரோமின் வெற்றிக்குரிய காரணத்தையும் விளையாட்டு சரிவரக் காட்டுவதில்லை. ஒரு படைப்பிரிவைத் திரட்டும்போது அந்நகரின் மக்கட்டொகை அத்துணைக்குக் குறையும் என்னும் விதி உண்டு, அது பாராட்டத்தக்கதே. ஆயினும் அவ்விதி எல்லாத் தரப்பினர்க்கும் ஒன்றாகவே பொருந்துகின்றது. உரோமின் தனித்தன்மை, அது இத்தாலிய மக்களோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளின் வலைப்பின்னலில் இருந்தது. தோற்ற அயலவரிடம் திறை கேளாது வீரரைக் கேட்டது; சிலருக்குக் குடியுரிமையிற் பங்களித்தது. கி.மு. 225 இல் உரோமரும் நேசரும் சேர்ந்து திரட்டக்கூடிய ஆட்பலம் 700,000 காலாளுக்கும் 70,000 குதிரைவீரருக்கும் மேற்பட்டது எனப் பொலிபியஸ் கணக்கிட்டார். கன்னேயில் ஒரே நாளிற் பெரும்படை அழிந்தபின்னும் உரோம் பணியாமைக்கு இதுவே அடிப்படை. கப்புவா முதலிய நகரங்கள் ஹனிபாலின் பக்கம் சாய்ந்தன. இலத்தீன் குடியேற்றங்கள் சாயவில்லை. விளையாட்டின் உரோமர் சிறந்த வாள்வீரராலும் தேர்ந்த கவசத்தாலும் வெல்கின்றனர். வரலாற்றின் உரோமர் தோல்விகளைத் தாங்கும் ஆற்றலால் வென்றனர். இவ்விரண்டுக்குமிடையேயுள்ள வேறுபாடு, பொலிபியஸ் தம் வினாவில் அரசியலமைப்பை ஏன் சேர்த்தார் என்பதை விளக்குகின்றது.

இவ்விடத்து ஓர் அனுபவத்தைக் குறிப்பிடுதல் தவறாகாது. ஒருநாள் இரவு விடுதியறையில் நண்பரொருவர் புரூட்டியர் தரப்பை ஆடிக்கொண்டிருந்தார். கிரேக்க நகரொன்று வீழ்ந்தது. திரையில் மூன்று தெரிவுகள் தோன்றின: நகரைக் கைக்கொள்ளல், மக்களை அடிமைகளாக்கல், மக்களைக் கொன்றொழித்தல். அவர் சற்றுத் தயங்கினார். சுற்றியிருந்தோருள் ஒருவர், “அழிச்சு விடு மச்சான், பிறகு கலகம் வராது” என்றார். அவர் கூறியது விளையாட்டின் கணக்கின்படி முற்றிலும் சரி. மக்கட்டொகை குறைந்தால் அமைதி கூடும். கருவூலத்துக்குக் கொள்ளைப் பொருளும் சேரும். பொத்தான் அழுத்தப்பட்டது. மறுமுறை தொடங்கிற்று. எவரும் எதுவும் பேசவில்லை. பேசுவதற்கு எதுவும் நிகழ்ந்ததாக எவரும் எண்ணவில்லை. இக்கட்டுரையாளனும் அவ்வறையில் இருந்தவனே.

கி.மு. 167 இல் உரோமப் படைத்தலைவன் எமிலியஸ் பவுல்லஸ், செனற் சபையின் ஆணைப்படி, எபிரஸ் நாட்டின் எழுபது ஊர்களை ஒரே நாளிற் சூறையாடி, 150,000 மக்களை அடிமைகளாக விற்றான். பொலிபியஸ் இத்தாலிக்குக் கொண்டுசெல்லப்பட்ட அதே ஆண்டு அது. பின்னர் அவரை ஆதரித்து, மைந்தருக்கு ஆசானாக ஏற்றவர்களும் அப்பவுல்லசின் குடும்பத்தாரே. கி.மு. 146 இல் கார்தேஜை எரித்தழித்த சிப்பியோ எமிலியானஸ், அப்பவுல்லசின் மகன். எபிரஸ் ஊர்களின் எண்ணிக்கை நமக்குத் தெரியும். அங்கு வாழ்ந்தோர் ஒருவரின் பெயரேனும் நமக்குத் தெரியாது. விளையாட்டின் பொத்தான் ஒரு வகையில் நமது மூல நூல்களுக்கு உண்மையாகவே நடந்துகொள்கின்றது. அவையும் எண்ணைச் சொல்லி அடுத்த ஆண்டுக்குச் சென்றுவிடுகின்றன. எண்ணுக்குப் பின்னால் நின்றுவிட வேண்டிய பொறுப்பு வாசிப்போனுடையது.

அழித்தாலன்றித் திறவாத தரப்புகளைப் பற்றி மேலே கூறினோம். கார்தேஜ் வீழ்ந்தபோது அந்நகரின் நூற்றொகுதிகள் ஆபிரிக்கச் சிற்றரசர்க்குக் கொடுக்கப்பட்டன என்றும், மாகோ என்பான் வேளாண்மை பற்றி எழுதிய 28 நூல்களை மட்டும் இலத்தீனில் மொழிபெயர்க்கச் செனற் சபை பணித்தது என்றும் பிளினி கூறுவார். ஒரு நாகரிகத்தின் எழுத்தனைத்திலும் வென்றோர்க்குப் பயன்பட்டது உழவு நூல் ஒன்றே. கார்தேஜியர் தம்மைப் பற்றி எழுதியவை இன்று இல்லை. கார்தேஜின் ஆசனத்தில் அமர விரும்பும் மாணவன் உரோமரும் கிரேக்கரும் எழுதிய நூல்களின் வழியாகவே அங்கு செல்லவேண்டியுள்ளது. முதலில் உரோமனாக ஆடி முடித்தபின்னரே பிறனாக ஆடலாம் என்னும் விளையாட்டு விதி, இந்நிலையை ஆக்கியோர் எண்ணாமலே படம்பிடித்துவிட்டது. 2021 இல் புதுப்பித்து வெளியிடப்பட்ட பதிப்பில், முன்னர் பூட்டப்பட்டிருந்த தரப்புகளும் ஆடுவோர்க்குத் திறந்துவிடப்பட்டன. வரலாற்றுத் துறையில் பபிலோனியப் பலகைகளும் உருளைகளும் செய்துவருவது இதுபோன்றதொரு திறப்பே. செலூக்கியரைத் தோற்றவர்களாக மாத்திரம் காட்டிய நூல்களின் பக்கத்தில், அவர்களை ஆள்வோராகவும் கட்டுவோராகவும் காட்டும் சான்றுகள் வந்து சேர்ந்துள்ளன.

தொகுத்து நோக்குமிடத்து, இவ்விளையாட்டு நிலவியலின் நெருக்கடியையும், பல முனைப் போரின் துன்பத்தையும் நன்கு உணர்த்துகின்றது. உடன்படிக்கை, வழிபாடு, மொழி, குடிகளின் மனம் ஆகிய அரசின் உட்கூறுகளைச் சரிவர உணர்த்தவில்லை. அதன் தலையாய பிழை, பின்னர் நிகழ்ந்தவற்றை முன்னரே தரப்புகளுக்குள் விதைத்துவைத்தமை. கி.மு. 273 இல் இரண்டாம் தொலமி உரோமுக்குத் தூதனுப்பினான். பீரசை இத்தாலியிலிருந்து திரும்பச் செய்த புதிய அரசொன்று மேற்கில் உருவாகியுள்ளது என்பதை அவன் அறிந்திருந்தான். ஆயினும், தன் மரபின் இறுதி அரசி அவ்வுரோமரிடமே நாட்டை இழப்பாள் என்று அவனோ, அத்தூதரை வரவேற்ற உரோமரோ கனவிலும் கருதியிருக்க நியாயமில்லை. அவ்வாண்டில் அறிவுடையோன் ஒருவனிடம் எதிர்காலம் யாருடையது என்று கேட்டிருந்தால், அவன் அலெக்சாந்திரியாவையோ அந்தியோக்கியாவையோ சுட்டியிருப்பான்.

ஆதலின் இவ்விளையாட்டை ஆடும் நம் மாணவர்க்குக் கூறத்தக்கது ஒன்றுண்டு. உரோமனாக ஆடி முடித்தபின் ஒருமுறை செலூக்கியனாக ஆடுக. தோற்கும் வரை ஆடுக. பின்னர் நூலகத்துக்குச் சென்று, அந்தியோக்கஸ் வார்த்த செங்கல்லைப் பற்றியும், பாக்திரியாவிலிருந்து நடந்துவந்த இருபது யானைகளைப் பற்றியும் படிக்க. திரையில் நாம் இழந்த நகரங்களில் மக்கள் வாழ்ந்தனர் என்பதும், தம் அரசு தோற்பதற்கென்றே அமைந்தது என்று அவர்கள் ஒருநாளும் எண்ணியிருக்கவில்லை என்பதும் அப்போது விளங்கும். பொலிபியஸ் தம் வினாவைக் கேட்கத் தொடங்கியதும் அத்தகையதோர் ஆசனத்திலிருந்தே.